இல்லாத நத்தை, நான்கு இடங்களில்

என் அத்தை இல்லாத பிராணிகளை உண்டாக்குகிறவள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால் அப்பா, "கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து காட்டைப் பத்தி ஏதோ பண்றா" என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்வார். அம்மா அவ்வளவுகூடச் சொல்லமாட்டாள். "ஆபீஸ் வேலை" என்பாள், அவ்வளவுதான்.

அந்த வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் போன ஆண்டு அவளுக்கு நடந்தது எதுவும் புரியாது.

அத்தையின் அலுவலகம் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே இருக்கிறது. மூன்று அறைகள். ஊரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் எந்த உயிர் எங்கே வாழ்கிறது என்று வரைபடம் போடுவது அவர்கள் வேலை. தவளை, நத்தை, பல்லி, சில செடிகள். சாலை போடுகிறவர்களும் கல் உடைக்கிறவர்களும் அனுமதி கேட்டு வரும்போது அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் மேலே இருப்பவர்கள் சரி என்றோ கூடாது என்றோ சொல்கிறார்கள். ஆனால் எல்லாச் சரிவிலும் ஏறிப் பார்க்க ஆள் கிடையாது. அதனால் பார்த்த இடங்களை வைத்துப் பார்க்காத இடங்களைக் கணிக்கிறார்கள். ஒரு நத்தையை இருபது இடத்தில் பார்த்திருக்கிறார்கள் என்று வையுங்கள். அந்த இருபது இடத்தின் மழை, வெயில், உயரம், மண் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கொடுப்பார்கள். இதே மாதிரி இடம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடி, அங்கெல்லாம் அது பச்சை பூசிக் கொடுக்கும். பச்சை என்றால் நத்தை இருக்கக்கூடிய இடம்.

அந்தப் பச்சை சரியா தப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நத்தையைக் கேட்க முடியாது. அது உண்மையில் எங்கெல்லாம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் கணிக்கவே வேண்டியதில்லை. இங்கேதான் அத்தை வருகிறாள். அவளே ஒரு நத்தையை உண்டாக்குவாள். இது அறுநூறு மீட்டருக்குக் கீழே இறங்காது, வெயில் ஆகாது, ஈரம் வேண்டும் என்று விதி எழுதுவாள். அந்த விதிப்படி அது எந்தச் சரிவில் இருக்கும், எதில் இருக்காது என்பது அவளுக்கு ஒரு கட்டம் விடாமல் தெரியும். பிறகு, ஒரு ஆள் நடந்து போய்த் தேடியிருந்தால் எத்தனை இடத்தில் கண்ணில் பட்டிருக்குமோ அத்தனை புள்ளிகளை மட்டும் எடுத்துக் கம்ப்யூட்டரிடம் கொடுப்பாள். விடையை மறைத்துவிடுவாள். அது பூசும் பச்சையைத் தன் விடையோடு வைத்துப் பார்ப்பாள். கேள்வித்தாள் எடுத்தவரிடம் விடைக்குறிப்பும் இருப்பது போலத்தான். பரீட்சை கம்ப்யூட்டருக்கு.

பாதி நேரம் அது பெயிலாகும். தேடப் போகிறவர்கள் சாலையோரத்தில்தான் அதிகம் தேடுவார்கள் என்று வைத்து அத்தை புள்ளிகளை எடுத்தால், இந்த நத்தைக்குச் சாலை என்றால் உயிர் என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டிவிடும். அப்படி எத்தனை விதமாக அது ஏமாறும், ஏமாறாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கண்டுபிடித்து எழுதிவைப்பதுதான் அத்தை பதினோரு ஆண்டுகளாகச் செய்துவந்த வேலை.

அலுவலகத்தில் இந்தப் பிராணிகளுக்கு எண்தான் உண்டு. வீட்டில் அத்தை வேறு பெயர் வைப்பாள். ஆண்டுக்கு ஒரு முறை முதல் மழைக்கு மட்டும் தலைகாட்டுகிற தவளைக்கு அம்மாவின் தம்பி பெயர். எந்த மண்ணில் போட்டாலும் படர்ந்துவிடுகிற ஒரு கொடிக்கு எதிர்வீட்டுக்காரியின் பெயர். போன ஆண்டு உண்டாக்கிய ஒரு நத்தைக்கு "முதலாளி" என்று வைத்தாள். அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். வாடிக்கைக்காரர்கள் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"என்னையே நத்தையாக்கிட்டியா?" என்றார் அப்பா.

"உன்னைப் பார்த்துத்தான் விதியே எழுதினேன், அண்ணே. நிழல் வேணும். ஈரம் வேணும். யாரு வந்து எழுப்பினாலும் நகராது."

"நத்தைக்காவது முதுகுல ஓடு இருக்கு" என்றாள் அம்மா. "இவருக்கு அந்த நாற்காலியை விட்டா ஒண்ணுமில்ல."

அந்த நத்தைக்கு அலுவலகத்தில் எண் நாற்பத்தொன்று.

இனி அத்தையின் வேலை நிலைமையையும் சொல்லவேண்டும். பதினோரு ஆண்டும் அவள் ஒப்பந்த ஊழியர். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஒப்பந்தம் முடிந்து அடுத்தது தொடங்க முப்பது நாள் இடைவெளி விடவேண்டும் என்பது விதி. அந்த முப்பது நாள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பாள். ஏதாவது கோப்பு தேவைப்பட்டு அலுவலகத்தில் கூப்பிட்டால், வாசலில் உள்ள பார்வையாளர் நோட்டில் பெயரெழுதி, "யாரைப் பார்க்க" என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் கோடு போட்டுவிட்டு உள்ளே போவாள். தன் நாற்காலியில்தான் போய் உட்காருவாள்.

போன ஆண்டு முதல் முறையாக ஒரு நிரந்தரப் பணியிடம் வந்தது. ஒன்றே ஒன்று. அலுவலகத் தலைவியை எல்லாரும் மேடம் என்பார்கள். அத்தைக்கே அந்த இடம் போகவேண்டும் என்று மேடம் பரிந்துரை எழுதத் தொடங்கியிருந்தார். மாதக் கடைசியில் தேர்வுக்குழு கூடவேண்டும். அதுவரை வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்று அத்தை உத்தரவு போட்டிருந்தாள். அதனால் வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

அந்த அலுவலகத்தில் சரிவுகளில் ஏறித் தேடுகிற ஆட்கள் மூன்று பேர். அவர்களில் மூத்தவர் தொப்பிக்காரர். அறைக்குள்ளும் தொப்பியைக் கழற்றமாட்டார் என்பதால் அந்தப் பெயர். வழுக்கை என்று சிலர் சொல்வார்கள். பார்த்தவர் யாரும் இல்லை. பத்தொன்பது ஆண்டுகளாக நடக்கிறார். அவரிடம் ஒரு பட்டியல் கொடுப்பார்கள். இன்ன உயிரை இன்ன பன்னிரண்டு இடத்தில் தேடவும் என்று இருக்கும், கூடவே அது எப்படி இருக்கும் என்று இரண்டு வரி. அவர் போய்த் தேடி, கண்ட இடத்துக்கு நேரே டிக் போட்டுக் கொண்டுவருவார். காணாத இடம் வெறுமையாக இருக்கும்.

பட்டியலைத் தயாரிப்பது ஒரு புரோகிராம். எந்த உயிரின் கணிப்பு மிகவும் சந்தேகமாக இருக்கிறதோ அதை முதலில் போடும். போன ஆண்டு அலுவலகத்துக்குப் புது கம்ப்யூட்டர் வந்தது. அத்தை பழைய கோப்புகளையெல்லாம் அதற்கு மாற்றினாள். அவளுடைய அட்டவணையில் பத்தாவது பத்தியில்தான் "கற்பனை" என்று குறிப்பு இருக்கும். புதிய புரோகிராம் ஒன்பது பத்திகளைத்தான் படிக்கும். இது அவளுக்குத் தெரியவில்லை. மாற்றிய அன்றே அவளுடைய பொய்ப் பிராணிகள் எல்லாம் நிஜப் பிராணிகளோடு ஒரே வரிசையில் நின்றுவிட்டன. அதில் முதலாளி நத்தைக்குப் புள்ளிகள் மிகக் குறைவு. புள்ளி குறைந்தால் சந்தேகம் அதிகம். சந்தேகம் அதிகமானால் பட்டியலில் முதலிடம்.

விவரம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் புரோகிராம் எந்த உயிரையும் ஏற்காது. அதற்காக அத்தை என்றைக்கோ வாய்க்கு வந்ததை எழுதிவைத்திருந்தாள்: கட்டைவிரல் நக அளவு. பழுப்பு. ஓட்டில் மெல்லிய கோடு ஒன்று. ஈர இலைக்கு அடியில்.

இந்த இரண்டு வரியோடும் பன்னிரண்டு இடங்களோடும் தொப்பிக்காரர் மலையேறினார்.

பட்டியல் திரும்பி வந்த வெள்ளிக்கிழமைதான் அத்தை அதைப் பார்த்தாள். முதல் தாளின் தலையில் நாற்பத்தொன்று. கீழே பன்னிரண்டு இடங்கள். நான்கில் டிக்.

முதலில் சிரிப்பு வந்ததாம். தன் மனதில் இருந்த நத்தையை ஒரு ஆள் நான்கு இடத்தில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அடுத்து, பொய்ப் பிராணி வெளியே போனது தன்னால்தான் என்பது உறைத்தது. அதற்கும் அடுத்துத்தான் அந்த டிக்குகளைப் பற்றி யோசித்தாள். இல்லாததைப் பார்த்தேன் என்று ஒருவர் எழுதியிருந்தால் அதற்கு என்ன அர்த்தம்?

யோசித்து முடிப்பதற்குள் மேடம் வந்து பின்னால் நின்றார்.

"நாற்பத்தொண்ணு எது? புதுசா இருக்கே."

"அது வந்து மேடம், நான் சோதனைக்கு உண்டாக்கினது. நிஜ நத்தை இல்ல."

மேடம் தாளை எடுத்தார். டிக்குகளைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்பு சிரித்தார். அப்படி அவர் சிரித்து அத்தை பார்த்ததே இல்லையாம்.

"பலே. பட்டியல்ல பொய்யை வச்சு அனுப்பியிருக்கீங்க. இவரு போகாமலே டிக் போட்டிருக்காரு. மேலே இருந்து ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டே இருக்காங்க, உங்க ஆளுங்க மலைக்குப் போறாங்களா, இல்ல டீக்கடையோட நின்னுடறாங்களான்னு. நான் என்ன பதில் எழுதறதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க வாயே திறக்காம பிடிச்சுக் கொடுத்துட்டீங்க."

"இல்ல மேடம், அது..."

"இதையும் உங்க பரிந்துரைல சேர்க்கறேன். இந்த மாதிரி புத்தி இருக்கறவங்கதான் நிரந்தரமா இருக்கணும்."

அப்போது மேடத்தின் அறையில் தொலைபேசி அடித்தது. அவர் போய்விட்டார். அத்தை அங்கேயே நின்று காத்திருந்திருக்கலாம். காத்திருக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று மாலையே, திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரவேண்டாம், விசாரணை இருக்கிறது என்று தொப்பிக்காரருக்குத் தகவல் போய்விட்டதாகக் கேள்விப்பட்டாள்.

வீட்டில் அவள் எதையும் மறைக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"நீ ஏதாவது பொய் சொன்னியா?" என்றார் அப்பா.

"சொல்லல."

"பின்ன என்ன? அவங்களா நினைச்சுக்கிட்டாங்க. நினைச்சவங்க பாடு."

"அந்த ஆளு பாடு?" என்றாள் அம்மா.

அப்பா தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பதினோரு வருஷம்" என்றார். "வாயை மூடிக்கிட்டு இருந்தா கிடைக்கப் போறதை எதுக்குத் திறந்து கெடுக்கணும்? அவரு நிஜமாவே போகாம டிக் போட்டிருந்தா?"

அத்தை அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டாள். அப்பா அவளைத் தடுக்கத்தான் கேட்டார். அவளுக்கு அது செய்துபார்க்கக்கூடிய கணக்காகத் தெரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. அலுவலகத்தில் காவலாளி மட்டும்தான். அத்தை போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அதுவரை பிராணிகளை உண்டாக்கியவள் அன்று ஆட்களை உண்டாக்கினாள். இரண்டு பேர். ஒருவர் பன்னிரண்டு இடத்துக்கும் உண்மையாகவே ஏறுகிறவர். இலையைப் புரட்டுவார். கட்டைவிரல் நக அளவில் பழுப்பாக எது கிடைத்தாலும், விவரத்தோடு பொருந்துகிறதே என்று டிக் போடுவார். அந்தச் சரிவுகளில் நிஜமாகவே மூன்று வகைப் பழுப்பு நத்தைகள் உண்டு. அவை எங்கே இருக்கின்றன என்பதற்கு நல்ல பதிவுகள் இருந்தன. இன்னொருவர் சாலையை விட்டு இறங்காதவர். சந்தேகம் வராத அளவுக்குச் சாலைக்கு அருகில் உள்ள சிலவற்றில் டிக் போடுவார். இரண்டு பேரையும் ஆயிரம் ஆயிரம் தடவை அனுப்பினாள்.

நேர்மையான ஆள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து டிக்கோடு திரும்பினார். எல்லாம் மேல் சரிவில், ஈரமான இடங்களில். டீக்கடை ஆளின் டிக்குகள் சாலையை ஒட்டி வரிசையாக நின்றன.

அத்தை தொப்பிக்காரரின் தாளைப் பக்கத்தில் வைத்தாள். நான்கு டிக். அதில் சாலைக்கு மிக அருகில் உள்ள இடமே முக்கால் மணி நேர ஏற்றம். சாலையோரத்தில் இருந்த ஐந்து இடங்களும் வெறுமையாக இருந்தன.

அதைப் பார்த்ததும் தனக்கு மகிழ்ச்சி வரவில்லை என்று அத்தை ஒளிக்காமல் சொன்னாள். அவர் டீக்கடை ஆளாக இருந்திருந்தால் தனக்கு வசதியாக இருந்திருக்கும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டைத் தேடிப் போனாள். சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. வெளியே கொடியில் ஆறு காலுறைகள் காய்ந்தன, ஒன்றுக்கொன்று ஜோடி சேராதவை. அவர் மனைவி கதவைத் திறந்தார். தொப்பிக்காரர் உள்ளே தொப்பியோடுதான் இருந்தார்.

"வா தங்கச்சி. என்ன விசாரணைன்னு சொல்லத்தான் வந்தியா? என்கிட்ட எவனும் சொல்லமாட்டேங்கறான்."

"அந்த நாற்பத்தொண்ணாம் நம்பர் நத்தை, அண்ணே. நாலு இடத்துல பார்த்ததா டிக் போட்டிருக்கீங்க."

"ஆமா, பார்த்தேன். போகலைன்னு எவனாவது சொன்னானா?" எழுந்து அலமாரியிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தார். உள்ளே நான்கு காகிதப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் இடத்தின் எண்ணும் தேதியும் எழுதியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு ஓடு. "செத்ததைத்தான் எடுத்தேன். உசுரோட இருந்ததை அங்கேயே விட்டுட்டேன். போதுமா?"

அத்தை ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அது அலுவலகப் பட்டியலில் பதினேழாம் எண், நிஜ நத்தை. அந்த மேல் சரிவுகளில் அதைவிடச் சாதாரணமான நத்தை கிடையாது.

"கோடு எங்கே அண்ணே? ஓட்டுல ஒரு கோடு இருக்கணுமே."

"இருக்கு. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாரு."

அத்தை சாய்த்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். ஏதோ ஒன்று மெல்லியதாகத் தெரிந்தது. அந்தக் கோட்டைக் கற்பனை செய்து எழுதியவளுக்கே தெரிந்தது. டப்பாவை மூடிவிட்டாள்.

"அண்ணே, அப்படி ஒரு நத்தை கிடையாது. நான் கம்ப்யூட்டருக்குப் பரீட்சை வைக்க உண்டாக்கினது. தப்பா உங்க பட்டியல்ல வந்துடுச்சு."

அவர் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. மனைவிக்கு முதலில் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"இல்லாததைத் தேடவா என்னை ரெண்டு நாள் ஏத்திவிட்டே?"

"தெரியாம நடந்துடுச்சு."

"முழங்கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. இதுவும் கற்பனைதானா?"

அத்தை அவர் முழங்காலைப் பார்த்தாள்.

"சரி, இதுல விசாரணை எதுக்கு?"

"நீங்க போகாமலே டிக் போட்டுட்டீங்கன்னு மேடம் நினைக்கறாங்க. பொய் நத்தையை நான் வேணும்னே வச்சு உங்களைப் பிடிச்சேன்னு நினைக்கறாங்க."

"என்னைப் பொய்யன்னு சொன்னப்போ நீ அங்க இருந்தியா?"

"இருந்தேன்."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

தொப்பிக்காரர் டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். யாரும் அதைத் தொடவில்லை. "ஆறிடும். குடிச்சிட்டுப் போம்மா" என்று அந்த அம்மாதான் சொன்னார். அத்தை குடித்துவிட்டு எழுந்து வந்தாள். வாசல் வரைக்கும் யாரும் வரவில்லை.

திங்கட்கிழமை மேடம் வருவதற்கு முன்பே அத்தை அவர் அறை வாசலில் நின்றாள். பத்தாவது பத்தி விஷயத்தைச் சொன்னாள். நான்கு ஓடுகளைப் பற்றிச் சொன்னாள். சாலையோரத்து ஐந்து இடம் வெறுமையாக இருந்ததைக் காட்டினாள்.

மேடம் கேட்டுக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார்.

"இதை வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம் மேடம்."

"ஏன் சொல்லல?"

"வேலை நிரந்தரமாகணும்னு தோணுச்சு."

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நான் மேலே எழுதிட்டேன், தெரியுமா? ஆளைப் பிடிச்சாச்சுன்னு. இப்போ நான்தான் ஏமாந்தேன்னு எழுதணும்."

"என் தப்புன்னு எழுதுங்க."

"அதைத்தான் எழுதப் போறேன். நீங்களும் எழுத்துல கொடுங்க."

அத்தை கிளம்பாமல் நின்றாள். "இன்னொண்ணு மேடம். அவரு நேர்மையாத் தேடித்தான் இல்லாததைப் பார்த்தாரு. நாம இது இருக்கும்னு எழுதிக் கொடுத்ததால பார்த்தாரு. அப்போ நிஜ உயிருங்களுக்கு இத்தனை வருஷமா வந்த டிக்கெல்லாம்? அதுல எத்தனை இப்படி?"

"இந்தக் கேள்வியை நீங்க தேர்வுக்குழு முடிஞ்சப்புறம் கேட்டிருக்கலாம்" என்றார் மேடம்.

அத்தை எழுதிக் கொடுத்தது பன்னிரண்டு வரி. அது பரிந்துரை இருந்த அதே கோப்பில் போய் உட்கார்ந்தது. தொப்பிக்காரர் செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்தார். தன் மீது எந்தப் புகாரும் இல்லை என்று மேடத்திடம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லிக் கேட்டு, அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அத்தையின் மேசையைத் தாண்டிப் போனபோது சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்.

தேர்வுக்குழுவில் மூன்று பேர். இரண்டு பேர் அவள் எழுதிய ஆய்வுகளைப் பற்றி மரியாதையாகக் கேட்டார்கள். மூன்றாமவர் அந்தப் பன்னிரண்டு வரியை முன்னால் வைத்திருந்தார்.

"உங்க கோப்புல இன்னும் இந்த மாதிரி எத்தனை தப்பு இருக்கும்னு நினைக்கறீங்க?"

"தெரியல சார்."

"தோராயமா?"

"தோராயமாவும் தெரியல. தப்பு எங்க இருக்குன்னு தெரியாததாலதான் இந்தப் பொய்ப் பிராணியெல்லாம் உண்டாக்கறோம். நம்ம ஆளுங்களுக்கும் நமக்கும் அதே பரீட்சையை வைக்கலாம்னு இப்போதான் தோணுது."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். அது நல்லதாகவா கெட்டதாகவா என்று அத்தைக்குத் தெரியவில்லை. இரண்டு வாரத்தில் தெரிந்தது. வேறொரு அலுவலகத்திலிருந்து ஒருவரை எடுத்திருந்தார்கள். நான்கு ஆண்டு அனுபவம் உள்ளவர். அத்தைக்கு வழக்கம்போல இன்னும் ஓராண்டு ஒப்பந்தம்.

கடிதத்தை அப்பாவும் வாங்கிப் படித்தார்.

"உன் நத்தைக்கு வேற பேரு வச்சிருக்கணும்" என்றார். "என் பேரை வச்சே. என் ராசி."

அம்மா, "ராசியெல்லாம் ஒண்ணுமில்ல. அவ வாய்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நான் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்" என்றாள். அத்தை மாடிக்குப் போனாள். அன்று முழுக்க அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு நாள் அவள் யாருடைய பேச்சுக்கும் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம்.

தொப்பிக்காரர் ஐந்து வாரம் அவளோடு பேசவில்லை. தாளைக் கொடுப்பார், வாங்குவார். ஆறாவது வாரம் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

"அந்தப் போஸ்ட்டு உனக்குக் கிடைக்கலையாமே?"

"ஆமா."

"என்னாலயா?"

"என்னாலதான்."

"அது சரி" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இனிமே பட்டியல்ல அஞ்சாறு பொய்யைக் கலந்தே கொடு. எது பொய்னு சொல்லாதே. கலந்திருக்குன்னு மட்டும் சொல்லிடு. என் கண்ணு என்னை எங்க ஏமாத்துதுன்னு நானே பார்க்கணும்."

மேடம் ஒரு வாரம் யோசித்து அனுமதி கொடுத்தார். இப்போது அந்த அலுவலகத்தில் மூன்று பேருக்கும் அப்படித்தான் பட்டியல் போகிறது. முதல் பட்டியலில் முப்பது உயிர்கள் இருந்தன. ஐந்து பொய். தொப்பிக்காரர் ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தார். ஏழு வரிகளைச் சிவப்பில் அடித்து "இது கிடையாது" என்று எழுதியிருந்தார்.

அத்தை சரிபார்த்தாள். ஐந்து பொய்யும் அந்த ஏழில் இருந்தன.

"அஞ்சையும் பிடிச்சுட்டீங்க. ஆனா இந்த ரெண்டு தவளையும் நிஜம், அண்ணே. புத்தகத்துலயே இருக்கு."

"புத்தகத்துல இருக்கும். சரிவுல இல்ல. பத்தொன்பது வருஷமா நான் பார்த்ததில்ல."

"யாரோ பார்த்துத்தானே எழுதியிருக்காங்க?"

"நானும்தான் ஒண்ணைப் பார்த்தேன். நாலு இடத்துல."

அத்தை அந்த இரண்டு தவளைகளின் பழைய பதிவுகளைத் தேடி எடுத்தாள். முதலாவதை முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரே ஒருவர் பார்த்திருந்தார். அதன் பிறகு வந்த எட்டு பதிவுகளும், அந்தத் தவளை இருக்கும் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் பார்த்தவை. அவற்றை வைத்துத்தான் வரைபடத்தில் ஒரு மேற்குச் சரிவு முழுக்கப் பச்சையாக இருந்தது. அங்கே கல் உடைக்கக்கூடாது என்று தடையும் இருந்தது.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தொப்பிக்காரர் எழுந்திருக்கவில்லை.

"அந்தச் சரிவுக்கு நீங்க அடுத்து எப்போ போவீங்க?"

"வியாழக்கிழமை."

"நானும் வரட்டுமா? பதினோரு வருஷமா ஒரு சரிவுலயும் நான் ஏறினதில்ல."

அவர் குனிந்து மேசைக்கு அடியில் அவள் காலைப் பார்த்தார். மெல்லிய செருப்பு.

"ஷூ இருக்கா?"

"இல்ல."

"வாங்கு முதல்ல" என்றார் தொப்பிக்காரர். "அப்புறம் பேசலாம்."